பன்னிரண்டு நாள் லீவும் பௌத்தத்தின் வாசல்களும்

அக்கா மகன் திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான். போன மாதம் போன் செய்தான். "மாமா, பன்னிரண்டு நாள் லீவு கேட்டிருக்கேன். விபாசனா போகப் போறேன். புத்த மதம்னா என்னன்னு ஒருதடவை ஒழுங்கா தெரிஞ்சுக்கணும்." அரை மணி நேரத்தில் அக்காவின் போன் வந்தது. "அவன் மொட்டை அடிச்சுக்கிட்டு எங்கேயாவது உட்கார்ந்துடுவானோடா?"

அக்காவின் பயத்துக்குப் பதில் சுலபம். விபாசனா என்ற பத்து நாள் தியான முகாமுக்குப் போகிறவர்கள் பதினோராம் நாள் காலையில் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள், பெரும்பாலும் முட்டி வலியோடு. மகனின் கேள்விதான் சிக்கல். பௌத்தத்தைத் தெரிந்துகொள்ள இருக்கிற லீவு முழுவதையும் அந்தப் பத்து நாளில் போடலாமா, வேறு வழி இருக்கிறதா? நான் விபாசனா முகாமில் இரண்டு முறை உட்கார்ந்தவன். கொடைக்கானல் மலையில் ஜென் பழகச் சில நாள் தங்கினேன். மைசூர்ப் பக்கம் பைலகுப்பேயில் திபெத்திய மடங்களைச் சுற்றினேன். அம்பேத்கர் எழுதியதை மெதுவாகப் படித்தேன். எதிலும் நிபுணன் இல்லை. ஆனால் வாசல்களுக்குள்ளே என்ன வித்தியாசம் என்று சொல்கிற அளவுக்கு அலைந்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எல்லா வாசலுக்கும் பொதுவான முதல் அறை

எந்தப் பக்கமாகப் போனாலும் முதலில் வருவது நான்கு வாய்மைகள். துக்கம் இருக்கிறது. அதற்குக் காரணம் வேட்கை. வேட்கை அற்றால் துக்கம் அறும். அறுப்பதற்கு எட்டு உறுப்புகள் கொண்ட வழி ஒன்று உண்டு.

இங்கேயே நம் ஊரில் ஒரு குழப்பம் வரும். தமிழில் துக்கம் என்ற சொல் இழவு வீட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. துக்கம் விசாரிக்கப் போகிறோம், துக்கம் தொண்டையை அடைக்கிறது. அதனால் புத்தர் என்றால் வாழ்க்கையே அழுகை என்று சொன்னவர் போலத் தோன்றுகிறது. பாலி மொழியில் அந்தச் சொல்லுக்கு வீச்சு அதிகம். பல்வலி துக்கம்தான். புரமோஷன் வந்த மறுநாளே 'டிரான்ஸ்ஃபர் எந்த ஊருக்கோ' என்று வயிற்றைக் கலக்குகிறதே, அதுவும் துக்கம்தான். நன்றாக இருக்கும்போதே, இது இப்படியே நிற்காது என்று உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறதே, அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

எட்டு உறுப்புகள் இவை: நற்காட்சி, நற்சிந்தனை, நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. முதல் இரண்டும் புரிதல் சம்பந்தப்பட்டவை. கடைசி மூன்றும் தியானம். நடுவில் இருக்கும் மூன்றும் பேச்சு, செயல், பிழைப்பு. அதைத்தான் சீலம், அதாவது ஒழுக்கம், என்கிறார்கள். இந்த இரண்டு, மூன்று, மூன்று கணக்கை மறந்துவிடாதே என்று அவனிடம் சொன்னேன். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

அடுத்தது நம் வீட்டில் வளர்ந்தவனுக்கு உதைக்கிற இடம். ஆன்மா என்று நிலையாக ஒன்று கிடையாது என்கிறது பௌத்தம். நாம் 'நான்' என்று சொல்வது ஐந்து கந்தங்களின், அதாவது கூறுகளின், சேர்க்கை. மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் அவற்றை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்று தமிழிலேயே சொல்லிவிடுகிறார். சரி, ஆன்மா இல்லையென்றால் மறுபிறப்பு எப்படி? இதைக் கேட்காத தமிழன் இல்லை. மிலிந்தன் என்ற கிரேக்க வம்ச அரசனும் நாகசேனர் என்ற பிக்குவிடம் இதையேதான் கேட்டான். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது முதல் விளக்கிலிருந்து ஏதாவது எழுந்து அடுத்த விளக்குக்குப் போகிறதா என்று திருப்பிக் கேட்டார் நாகசேனர். போவதில்லை. ஆனாலும் முதல் சுடர் இல்லாமல் இரண்டாவது இல்லை.

அந்தப் பதிலில் உங்களுக்குத் திருப்தி வருமா என்பது வேறு விஷயம். எனக்கு முழுக்க வரவில்லை. ஆனால் வாசல்களை வேறுபடுத்திப் பார்க்க இந்தக் கேள்வி நல்ல அளவுகோல். ஒவ்வொரு இடத்திலும் மறுபிறப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

பத்து நாள் மௌனம்

சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற விபாசனா மையம் இருக்கிறது. இந்த மாதிரி பத்து நாள் முகாம் நடத்தும் மையங்கள் சத்ய நாராயண் கோயங்காவின் மரபைச் சேர்ந்தவை. 1924இல் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி அவர். தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடி 1955இல் ஊ பா கின் என்பவரிடம் போனார். ஊ பா கின் துறவி அல்ல, பர்மிய அரசின் தலைமைக் கணக்காயர். அவரிடம் பதினான்கு வருடம் பழகிவிட்டு கோயங்கா 1969இல் இந்தியா வந்தார். 1976இல் மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தம்ம கிரி உருவானது. 2013இல் அவர் காலமான பிறகும் ஒலிப்பதிவில் அவர் குரல்தான் சொல்லிக்கொடுக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பும் கேட்கக் கிடைக்கிறது.

காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். இடையில் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். போன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது. பக்கத்து ஆளிடம் பேசக் கூடாது, சைகையும் கூடாது. பூஜை, ஜெபம், மந்திரம் எல்லாவற்றையும் அந்தப் பத்து நாளுக்கு நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். ஆறரைக்குக் காலை உணவு, பதினொன்றுக்கு மதியச் சாப்பாடு, சைவம்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதியவர்களுக்கு டீயும் கொஞ்சம் பொரியோ பழமோ கிடைக்கும். அதோடு சரி. ஏற்கெனவே ஒரு முகாம் முடித்தவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும்.

முதல் மூன்று நாளும் மூச்சுதான். மூக்கு நுனியில், மேலுதட்டின் மேலே மூச்சு உரசும் சின்ன இடத்தைக் கவனிப்பது. நாலாம் நாள் பிற்பகல் விபாசனா. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உடம்பில் எழும் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அரிப்பு வந்தால் சொறியாமல், சுகம் வந்தால் அதை நீட்டிக்க ஆசைப்படாமல். அன்றிலிருந்து தினமும் மூன்று வேளை ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் அதிட்டானம். என் அனுபவத்தில் அந்த ஒரு மணி நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் 'வேட்கையே துக்கத்தின் காரணம்' என்ற வாக்கியம் புத்தகத்திலிருந்து இறங்கி முட்டிக்குள் வந்தது. வலி ஒரு பக்கம் இருந்தது. 'இது போய்த் தொலையாதா' என்ற துடிப்பு தனியாக இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று முதல்முறையாகத் தெரிந்தது. ஆறேழு புத்தகம் படித்தும் கிடைக்காத தெளிவு அது.

கட்டணம் கிடையாது. முகாமை முடித்தவர்களிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குகிறார்கள். முடிக்காதவர் கொடுத்தாலும் வாங்குவதில்லை. இந்த ஒன்றுக்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். பௌத்தத்தை 'அறிமுகம்' செய்துகொள்ள இது நல்ல இடமா என்றால், எனக்குச் சந்தேகம். ஆரம்ப நாளில் புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைகிறோம், ஐந்து சீலங்களை ஏற்கிறோம், எல்லாம் பாலியில். ஆனால் இது மதம் அல்ல, எல்லோருக்கும் பொதுவான முறை என்று கோயங்கா திரும்பத் திரும்பச் சொல்வார். முன்னும் பின்னும் உள்ள வரலாறு, மற்ற பௌத்தப் பிரிவுகள், எதிர்க்கேள்வி, எதற்கும் அங்கே நேரம் இல்லை. மறுபிறப்பைப் பற்றிக் கேட்டால், நம்பினால் நம்பு, நம்பாவிட்டாலும் பரவாயில்லை, வேலையைச் செய் என்கிற பதில்தான் வரும். தீவிர மனநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் வர வேண்டாம் என்று மையங்களே சொல்கின்றன. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்ணப்பத்தில் மறைக்கவும் கூடாது. சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களும் கொஞ்சம் பொறுத்துப் போவது நல்லது என்பது என் சொந்த எண்ணம். பத்து நாள் மௌனத்தில் மனசுக்கு ஒளிந்துகொள்ள இடமே இருக்காது.

இன்னொன்று. புத்தர் காலத்திலிருந்து எல்லா பௌத்தர்களும் இப்படித்தான் உட்கார்ந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இல்லறத்தார் கூட்டமாகத் தியானம் பழகுவது பர்மாவில் ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முன்பு பெருகிய வழக்கம். 1885இல் பிரிட்டிஷார் மாண்டலேயைப் பிடித்து அரசனை நாடு கடத்தினார்கள். சாசனத்துக்கு, அதாவது புத்தரின் போதனைக்கு, காவலாக இருந்த அரசனே போய்விட்டதால், இனி சாதாரண மக்கள்தான் அதைச் சுமக்க வேண்டும் என்று லெடி சயாடோ போன்ற பிக்குகள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். அவருடைய சீடர் தெட்ஜி ஒரு விவசாயி. தெட்ஜியின் சீடர்தான் கணக்காயர் ஊ பா கின். அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலான இல்லறத்தார் செய்தது தானமும் சீலமும்தான். தியானம் காட்டில் இருக்கும் பிக்குகளின் வேலை.

மலை ஏறும் வழிகள்

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகும்போது, ஊருக்குக் கொஞ்சம் முன்னால் பெருமாள்மலை வரும். அங்கே போதி ஜென்டோ இருக்கிறது. 1996இல் இதைத் தொடங்கியவர் ஆமா சாமி, பர்மாவில் பிறந்த தமிழர், ஏசு சபைப் பாதிரியார். ஜப்பானில் காமகுராவில் யமாதா கோவுனிடம் ஜென் பழகியவர். கத்தோலிக்கப் பாதிரியார் நடத்தும் ஜென் மையம் என்றதும் அக்கா மகன் சிரித்தான். சிரிக்க ஒன்றுமில்லை, ஜென்னுக்கு அந்த மாதிரி முரண்கள் பிடிக்கும்.

இங்கே அமர்வு சுமார் இருபத்தைந்து நிமிடம், பிறகு எழுந்து மெதுவாக நடை, திரும்ப அமர்வு. முட்டிக்கு இது கொஞ்சம் தயவு. சுவரைப் பார்த்துச் சும்மா உட்காருவதுதான் பயிற்சி. கொஞ்சம் போனபின் குரு ஒரு கோவான், அதாவது ஒரு புதிர், தருவார். நாய்க்குப் புத்தத் தன்மை உண்டா என்று கேட்ட பிக்குவுக்கு ஜோஷு 'மு' என்று பதில் சொன்னார், அந்த 'மு' என்ன, என்கிற மாதிரி. மறுபிறப்பைப் பற்றிக் கேட்டீர்களா, கேட்கிறவன் யார் என்று திருப்பிக் கேட்பார்கள். பௌத்தத்தை ஏற்கெனவே கொஞ்சம் படித்து, படிப்பு மண்டையில் பாரமானவர்களுக்கு இது அமிர்தம். அறிமுகத்துக்கு வருகிறவருக்கு ஒன்றும் புரியாமல் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

ஜென் மரபின் முதல் குருவாகச் சொல்லப்படும் போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் என்று ஒரு சினிமா வந்ததிலிருந்து நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு இன்னொருவர் இருக்கிறார். திக்நாகர். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. அவர் தொடங்கி தர்மகீர்த்தி வளர்த்த தர்க்கத்தை இன்றைக்கும் பைலகுப்பேயில் செரா மடத்து இளம் பிக்குகள் கையைத் தட்டித் தட்டி வாதாடிப் படிக்கிறார்கள். நின்றுகொண்டு கேள்வி கேட்பவர் ஒருவர், உட்கார்ந்து பதில் சொல்பவர் ஒருவர். கேள்வி முடியும்போது காலைத் தரையில் ஓங்கி வைத்துக் கைதட்டல். மொழி புரியாமலே ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். தியானம் என்றால் கண்ணை மூடுவது, பௌத்தம் என்றால் தியானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் அந்த முற்றத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

1959இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். 1961இல் பைலகுப்பேயில் அகதிகளுக்கான குடியிருப்பு தொடங்கியது. 1963இல் நம்ட்ரோலிங் மடம். அதன் பொற்கோயிலில் சுமார் 60 அடி உயரப் பொன்னிறச் சிலைகள் இருக்கின்றன. மைசூரிலிருந்து பஸ்ஸில் குஷால்நகர் போய், ஆட்டோ பிடித்தால் வந்துவிடும். சனி, ஞாயிறு போதும். கோயில், கொட்டு, ஊதுகொம்பு, நெய்விளக்கு, வண்ணம் எல்லாம் பிடித்த நம் மாதிரி ஆட்களுக்கு இந்த வாசல் அந்நியமாகவே தெரியாது. ஆனால் சுற்றிப் பார்ப்பது வேறு, கற்பது வேறு. திபெத்திய வழியான வஜ்ரயானத்தின் ஆழமான பயிற்சிகளுக்கு குருவிடம் தீட்சை வேண்டும். தொடக்கப் பயிற்சியிலேயே ஒரு லட்சம் முறை விழுந்து வணங்கும் கணக்கு வரும். மறுபிறப்பு இங்கே நடு நாயகம். லாமாக்கள் திரும்பப் பிறப்பதை வைத்துத்தான் பல மடங்களின் தலைமையே ஓடுகிறது.

ஒழுங்கான பாடமாகவே வேண்டும் என்றால் தர்மசாலாவுக்கு மேலே தரம்கோட்டில் துஷிதா மையம் இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் அளவில் பௌத்த அறிமுக வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். பாடம், கலந்துரையாடல், தியானம் மூன்றும் உண்டு, கேள்வி கேட்கலாம். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கட்ட வேண்டும். 'அறிமுகம்' என்ற சொல்லுக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமாக இருப்பது இதுதான். ஆனால் திருச்சியிலிருந்து போக மூன்று நாள், வர மூன்று நாள். பன்னிரண்டு நாள் லீவு பாதி ரயிலில் போய்விடும்.

நாக்பூர் வழி, அதற்கு முன்பே ராயப்பேட்டை வழி

இந்த வாசலைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. தியானம் தேடி வருகிற நகரத்து ஆட்கள் யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தியாவில் இன்றைக்கு பௌத்தர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வழியாக வந்தவர்கள்தான்.

1956 அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் அம்பேத்கர் முதிய பிக்கு சந்திரமணியிடம் மும்மணிச் சரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். பிறகு கூடியிருந்த லட்சக்கணக்கானோருக்கு அவரே தம்மம் வழங்கி, 22 உறுதிமொழிகளையும் சொல்லவைத்தார். பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரனை வணங்க மாட்டேன், புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை நம்ப மாட்டேன், திதி கொடுக்க மாட்டேன், மனிதர் எல்லோரும் சமம் என்று நம்புகிறேன், இப்படிப் போகும். நம் வீடுகளில் 'புத்தரும் நம்ம சாமிதானே' என்று ஒரே வரியில் கதையை முடிப்பார்கள் பாருங்கள், அந்த வரியை நேராக வெட்டும் உறுதிமொழிகள் இவை.

அவர் இறந்த பிறகு 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இன்னும் கூர்மையாகப் போகிறார். நான்கு வாய்மைகளே புத்தரின் மூல போதனையா, பின்னால் பிக்குகள் சேர்த்ததா என்று முன்னுரையில் கேட்கிறார். பிணத்தையும் நோயாளியையும் கிழவனையும் பார்த்துத்தான் சித்தார்த்தன் துறவு பூண்டான் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. இருபத்தொன்பது வயது வரை இவற்றை ஒருவன் பார்க்காமலா இருந்திருப்பான் என்பது அவர் கேள்வி. ஆன்மா இல்லை என்று சொன்னவர் போன பிறவியின் வினைக்கு இந்தப் பிறவியில் தண்டனை என்று எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்கிறார். தாழ்த்தப்பட்டவன் அப்படிப் பிறந்ததற்கு முன்வினையே காரணம் என்று சொல்லிச் சொல்லியே அடக்கி வைத்திருந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு உள்ள கனத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது நாக்பூரில் மட்டும் தொடங்கியதும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்பு போய் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயல் வரை அந்தச் சங்கம் பரவியது. அதே 1907இல் பேராசிரியர் லட்சுமி நரசு பௌத்தத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு, 1948இல் வந்த பதிப்பில் முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். வரலாறு சென்னையிலிருந்து நாக்பூருக்கும் போயிருக்கிறது.

இந்த வாசலில் வருகிறவருக்குத் தியான முகாம் கட்டாயமில்லை, லீவும் வேண்டாம். படிப்பும், உறுதிமொழியும், அதற்கேற்ப வீட்டில் எதை நிறுத்துவது என்ற முடிவும்தான். மதம் மாறுவதாகவே இருந்தால் ஒரு நடைமுறைத் தகவல்: 1990இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினர் பௌத்தரானாலும் அந்தத் தகுதியை இழப்பதில்லை.

குறை என்ன? மனசுக்குள் புகுந்து பார்க்கும் பயிற்சிகள் இங்கே பின்னால் தள்ளப்பட்டிருக்கின்றன. தூக்கம் வராமல் புரள்கிறவனுக்கு இந்த நூல் மட்டும் போதாது. அதே நேரம், தியானத்தின் வழியாக மட்டும் வருகிறவன் பௌத்தத்தை டென்ஷன் குறைக்கும் மாத்திரையாக எடுத்துக்கொண்டு, சாதியைப் பற்றி வாயே திறக்காமல் போய்விடலாம். நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு கொடுத்து, அவரோடு வந்த சாக்கிய இளவரசர்களைப் பின்னால் நிறுத்தி, அவரை வணங்கவைத்த கதை விநயத்திலேயே இருக்கிறது. பத்து நாளும் கண்ணை மூடி உட்கார்ந்தால் இது காதில் விழாது.

வீட்டிலேயே, காலண்டரைப் பார்த்து

நான் அவனுக்குச் சொன்ன வழி இது. கேட்டதும் அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு புத்தர் பேசிய வரிசை ஒன்று சுத்தங்களில், அதாவது அவருடைய உரைகளில், திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் தானம், அப்புறம் சீலம். இவற்றைக் கேட்டு மனசு இளகிய பிறகுதான் நான்கு வாய்மைகளுக்கே வருகிறார். நாம் தலைகீழாக நுழைகிறோம். எட்டு உறுப்பில் கடைசி மூன்றை முதலில் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் மூன்றைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். காரணமும் தெரிந்ததுதான். கண்ணை மூடி உட்காருவதால் மேனேஜரோடு சண்டை வராது. நல்வாய்மையும் நல்வாழ்க்கையும் அப்படி இல்லை.

பஞ்சசீலம் எல்லோருக்கும் தெரிந்தது: கொல்லாமை, கொடாததை எடுக்காமை, தகாத காமம் இன்மை, பொய்யாமை, மயக்கும் குடி இன்மை. ஆனால் பாலியில் அதைச் சொல்லும் விதம் கவனிக்க வேண்டியது. 'பாணாதிபாதா வேரமணீ சிக்காபதம் சமாதியாமி'. கொலையிலிருந்து விலகும் பயிற்சியை நான் ஏற்கிறேன். சிக்காபதம் என்றால் பயிற்சிப் படி. மேலேயிருந்து யாரும் கட்டளை இடவில்லை. தவறினால் நாளைக்குத் திரும்ப ஏற்கலாம்.

ஒரு மாதம் நாலாவதை மட்டும் ஒழுங்காகப் பழகிப் பார் என்றேன். வீட்டை விட்டே கிளம்பாமல் 'வந்துக்கிட்டே இருக்கேன்' என்று போனில் சொல்வதில் தொடங்குகிறது. அவன் வேலையில் இன்னும் மோசம். கடன் கேட்டு வருகிறவரிடம் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் கடன் என்று சொல்லச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் வரும். அது விதியில் இல்லை என்று இருவருக்கும் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, பத்து நாள் முட்டி வலி பரவாயில்லை போல" என்றான்.

மாமிசம் பற்றியும் கேட்டான், நம் ஆட்கள் கேட்காமல் விட மாட்டார்கள். தனக்காகக் கொன்றதாகப் பார்க்காத, கேட்காத, சந்தேகிக்காத மாமிசத்தைப் பிக்கு ஏற்கலாம் என்பது இலங்கை, பர்மா வழியான தேரவாதத்தின் விதி. சீன மகாயானத்தில் மரக்கறிதான். திபெத்தியர் மாமிசம் சாப்பிடுவார்கள், பைலகுப்பே மோமோ கடைகளில் பார்க்கலாம். ஆகவே பிரியாணியை வைத்து பௌத்தத்துக்குள் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டாம்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எட்டு சீலம். ஐந்தில் மூன்றாவது அன்றைக்கு முழு பிரம்மச்சரியம் ஆகும். கூடவே நண்பகலுக்குப் பின் உணவில்லை, பாட்டு, கூத்து, பூ, வாசனைப் பொருள் இல்லை, உயர்ந்த படுக்கை இல்லை. நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போதே பௌர்ணமி எது என்று தெரிந்துவிடுவது நமக்கு ஒரு வசதி. இலங்கையில் அன்றைக்குப் போயா, அரசு விடுமுறை. வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய் முழுநாளும் சீலம் காப்பார்கள். அங்கே பௌத்தத்தின் அன்றாட முகம் தியான முகாம் அல்ல, இந்த வெள்ளை உடையும் தானச் சோறும்தான். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதைப் படித்தால் முகம் சுளிப்பார்கள் என்பதும் தெரியும். 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது முதல் நடந்தவற்றை வாழ்ந்து பார்த்தவர்களுக்குக் காவி உடை வேறு நினைவுகளைத் தரும். அவர்களிடம் எட்டு உறுப்புகளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

படிக்க, மணிமேகலை. முப்பது காதைகள். முதலில் அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்களுக்குச் சோறிடும் பகுதிகள், அதாவது தானம். கடைசியாக முப்பதாம் காதை, ஒரு நல்ல உரையோடு. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் பன்னிரண்டு சார்புகளையும் அறவண அடிகள் அடுக்குவார். ஊறு என்ற தொடுகையிலிருந்து நுகர்வு, நுகர்விலிருந்து வேட்கை. முகாமில் ஐந்தாம் நாள் முட்டி எனக்குக் காட்டிய அதே இரண்டு படிகள், எந்தக் காலத்திலிருந்தோ தமிழில் கிடக்கின்றன. காலையில் இருபது நிமிடம் மூச்சைப் பார்த்து உட்காருவதும் இதோடு சேரும், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

இந்த வழியின் பெரிய ஓட்டை, கேட்க ஆள் இல்லாதது. தனியாகச் செய்கிறவன் தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வான். மூன்றாம் வாரம் எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும், அது பொய். எழும்பூர் கென்னட் சந்தில் மகாபோதி சங்கம் இருக்கிறது, சென்னை வரும்போது அங்கே போய்ப் பிக்குகளிடம் பேசு என்றேன்.

அவன் லீவுக்கு என்ன முடிவு

என் பரிந்துரை: இப்போது லீவு வேண்டாம். மூன்று பௌர்ணமி வீட்டில். நடுவில் ஒரு சனி, ஞாயிறு பைலகுப்பே, செரா முற்றத்தில் அந்தக் கைதட்டலைப் பார்க்க. அம்பேத்கரின் நூல் இந்த மூன்று மாதத்துக்குள், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். அதற்குப் பிறகும் உட்காரத் தோன்றினால் பன்னிரண்டு நாள் லீவும் பத்து நாள் மௌனமும். அப்போது முதல் நாள் இரவு பாலியில் சீலம் சொல்லும்போது எதை ஏற்கிறோம் என்று தெரிந்திருக்கும். ஜென் பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம், திருச்சியிலிருந்து பஸ் இருக்கிறது.

வேறு ஆள் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். சாதிதான் உங்களை இந்தப் பக்கம் தள்ளியது என்றால் முதலில் அம்பேத்கர், மற்றதெல்லாம் பிறகு. வாதம் பிடிக்கும், கையில் ஒரு மாதம் இருக்கிறது என்றால் தரம்கோட். பத்து நாள் யாரும் போனில் கூப்பிடாமல் இருந்தாலே போதும் என்று தவிக்கிறவர் என்றால், அதற்கு விபாசனா எதற்கு, ஊட்டிக்குப் போகலாம்.

அவன் பாதிதான் கேட்டான். லீவை வாபஸ் வாங்கவில்லை, மூன்று மாதம் தள்ளி வைத்திருக்கிறான். இன்சூரன்ஸ் விஷயத்தில் கிளை மேலாளரோடு ஏற்கெனவே ஒரு உரசல் ஆகிவிட்டதாகக் கேள்வி. போன பௌர்ணமிக்கு முந்தின நாள் அக்கா போன் செய்தாள், மொட்டையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"பன்னிரண்டு மணிக்கு மேல சாப்பிட மாட்டானாம். அப்போ சோத்தைப் பதினொண்ணரைக்குப் போட்டா சரியா இருக்குமாடா?"